கன்டோனாவுக்கு மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்த விலை

பிரிமியர் லீக் ஆட்டக்காரர் மாற்றக் காலம் வந்துவிட்டால் காப்பிக் கடைகளில் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும். திறமை இருக்கிறது, ஆனால் போகுமிடமெல்லாம் தொல்லை என்று பெயரெடுத்த ஒருவரை நம் குழு வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம் என்பவர்களின் வாயில் முதலில் வரும் பெயர் எரிக் கன்டோனா. வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறார் மரியோ பலோட்டெல்லி.

1992 நவம்பரில் லீட்ஸ் யுனைடெட்டிடமிருந்து கன்டோனாவை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. விலை 12 லட்சம் பவுண்ட். அதே ஆண்டு அலன் ஷியரருக்கு பிளாக்பர்ன் ரோவர்ஸ் கொடுத்தது 30 லட்சத்துக்கும் மேல். இந்த மலிவு விலையைச் சொல்லிக் கதையை அங்கேயே முடித்துவிடுவது யுனைடெட் ரசிகர்களின் வழக்கம். ஆனால் அந்த 12 லட்சம் முன்பணம் மாதிரிதான். மீதியை அக்குழு 1995ல் கட்டியது.

பிரான்சில் சேர்ந்த பெயர்

கன்டோனா 1966ல் மார்செய் நகரில் பிறந்தவர். ஒசேர் குழுவில் 1983ல் முதல் ஆட்டம் ஆடினார். அங்கிருந்த காலத்திலேயே, 1987ல், சக ஆட்டக்காரரான கோல்காப்பாளர் புருனோ மார்ட்டினியின் முகத்தில் குத்தினார். அடுத்த ஆண்டு மார்செய் அவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. சொந்த ஊர்க் குழுவில் சேர்ந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், பிரெஞ்சு தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளர் ஹென்றி மிஷலைத் தொலைக்காட்சியில் அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் திட்டி, தேசியக் குழுவிலிருந்து விலக்கப்பட்டார்.

1989 ஜனவரியில் ஒரு நட்புமுறை ஆட்டத்தில் அவரை வெளியே எடுத்ததும், பந்தைக் கூட்டத்துக்குள் உதைத்தார், சட்டையைக் கழற்றி வீசினார். பிறகு போர்டோ, மோம்பெலியே என்று இரவலாக அனுப்பப்பட்டார். மோம்பெலியேவில் சக ஆட்டக்காரர் ஒருவர் மீது காலணியை எறிந்த தகராறு தனி. அந்தப் பருவத்தில் அதே குழு பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்டோனா இருந்த இடத்தில் சண்டையும் கிண்ணமும் அடுத்தடுத்து வந்தன.

கடைசியாக நீம் குழு. 1991 டிசம்பரில் நடுவர் மீது பந்தை எறிந்தார். விசாரணைக்கு அழைத்த ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஒரு மாதத் தடை விதித்தது. கன்டோனா அக்குழுவின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் போய் ‘முட்டாள்’ என்றார். தடை கூடியது. இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 25.

லீட்ஸில் பத்து மாதம்

மிஷல் பிளாட்டினி போன்றவர்கள் அவரை விளையாட்டுக்குத் திரும்ப வற்புறுத்தினார்கள். பிரான்சில் இடம் இல்லாததால் இங்கிலாந்துக்குப் போனார். ஷெஃபீல்டு வெட்ன்ஸ்டே அவரைச் சில நாள் பயிற்சியில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் சில நாள் பார்க்கிறோம் என்றது. சோதனை பார்க்கப்படும் ஆளா நான் என்று கன்டோனா கிளம்பிவிட்டார். லீட்ஸ் நிர்வாகி ஹவர்ட் வில்கின்சன் முந்திக்கொண்டார்.

1992 பிப்ரவரியில் சேர்ந்தவர் 15 லீக் ஆட்டங்களில் 3 கோல்தான் போட்டார். ஆனாலும் லீட்ஸ் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினர். அந்தப் பருவம் லீட்ஸ் லீக் பட்டத்தை வென்றது. மான்செஸ்டர் யுனைடெட் 4 புள்ளிகள் பின்தங்கி இரண்டாம் இடம். ஆகஸ்ட்டில் லிவர்பூலுக்கு எதிரான சேரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் மூன்று கோல், அதே மாதம் டோட்டன்ஹமுக்கு எதிராக மேலும் மூன்று. பிரிமியர் லீக் என்ற பெயரில் நடந்த போட்டியின் முதல் ஹாட்ரிக் அதுவே.

நவம்பருக்குள் உறவு கசந்துவிட்டது. ஐரோப்பியக் கிண்ணத்தில் ரேஞ்சர்ஸிடம் தோற்று லீட்ஸ் வெளியேறியது. வில்கின்சனின் ஆட்டமுறை உழைப்பையும் கட்டுப்பாட்டையும் நம்பியது. கன்டோனாவை ஆட்டத்தில் சேர்ப்பதும் உட்கார வைப்பதுமாக இருந்தார். உட்கார வைக்கப்பட்டவரோ வெளியேற விரும்பினார்.

ஒரு தொலைபேசி அழைப்பு

இங்கே நடந்தது இன்றைய மாற்றக் காலத் தரகர் கூட்டத்தோடு ஒப்பிட்டால் வேடிக்கையானது. லீட்ஸின் நிர்வாக இயக்குநர் பில் ஃபோதர்பி, யுனைடெட் தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸைத் தொலைபேசியில் அழைத்தார். கன்டோனாவை விற்பதற்கு அல்ல, தற்காப்பு ஆட்டக்காரர் டெனிஸ் எர்வினைக் கேட்பதற்கு. முடியாது என்று பதில் போனது. அறையில் இருந்த நிர்வாகி அலெக்ஸ் ஃபெர்குசன், கன்டோனாவைக் கொடுப்பார்களா என்று கேட்கச் சொன்னார். ஒரு நாளுக்குள் விலை படிந்தது.

ஃபெர்குசன் அப்போது நெருக்கடியில் இருந்தார். ஷியரர் கிடைக்கவில்லை. டேவிட் ஹர்ஸ்டை ஷெஃபீல்டு வெட்ன்ஸ்டே விற்க மறுத்தது. கோடையில் வாங்கிய டியோன் டப்ளின் செப்டம்பரிலேயே கால் முறிந்து படுத்துவிட்டார். குழு கோல் போடத் திணறியது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. செப்டம்பரில் ஓல்டு டிராஃபர்டில் லீட்ஸ் தோற்றபோதும், கன்டோனாவை எதிர்த்து ஆடிய ஸ்டீவ் புரூஸும் கேரி பாலிஸ்டரும் அவரைப் புகழ்ந்ததை அவர் கேட்டிருந்தார். கன்டோனாவை அறிந்த பிரெஞ்சுப் பயிற்றுவிப்பாளர் ஜெரார்ட் ஹூலியேவிடமும் விசாரித்தார். ஊரார் சொன்ன கதையைவிட, கூட ஆடியவர்களும் எதிர்த்து ஆடியவர்களும் சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 6ஆம் தேதி மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார். அந்தப் பருவம் முடிவில் யுனைடெட் 10 புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. 1967க்குப் பிறகு 26 ஆண்டு காத்திருப்பு தீர்ந்தது. கன்டோனா 22 லீக் ஆட்டங்களில் 9 கோல். லீட்ஸோ அந்தப் பருவம் முழுதும் வெளித்திடலில் ஒரு லீக் ஆட்டம்கூட வெல்லாமல் 17ஆம் இடத்தில் முடித்தது.

ஃபெர்குசன் திருத்தினாரா?

திருத்தினார் என்று சொல்வது எளிது. பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. 1993 பிப்ரவரியில் லீட்ஸ் திடலுக்குத் திரும்பியபோது ரசிகரை நோக்கித் துப்பியதற்காக 1,000 பவுண்ட் அபராதம். நவம்பரில் கலாத்தசராய் ஆட்டம் முடிந்த பிறகு சிவப்பு அட்டை. 1994 மார்ச்சில் ஸ்விண்டன், ஆர்சனல் என்று அடுத்தடுத்த இரண்டு லீக் ஆட்டங்களில் மேலும் இரண்டு. அதே பருவத்தில்தான் 25 கோல் போட்டார், யுனைடெட் லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் சேர்த்து வென்றது, சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக அவரைத் தேர்ந்தெடுத்தனர்.

ஃபெர்குசன் செய்தது வேறு. உடைமாற்றும் அறையில் கத்துவதற்குப் பேர்போன அவர், கன்டோனாவிடம் கத்தவில்லை. உடை விதியை மீறி வந்தாலும் கண்டுகொள்ளவில்லை என்று மற்ற ஆட்டக்காரர்கள் பின்னாளில் பொறாமையும் சிரிப்புமாகச் சொன்னார்கள். ஒருவருக்கு ஒரு நியாயம் என்பது எந்தக் குழுவிலும் ஆபத்தானது. அங்கே அது பிளவை உண்டாக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் தனியாக நின்று பழகிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து இளையவர்களும் நிற்கத் தொடங்கியதே அதற்கு முக்கியக் காரணம் எனலாம். சலுகை பெற்றவர் உழைப்பில் குறைவைக்கவில்லை.

மீதிக் கணக்கு

1995 ஜனவரி 25. லண்டனின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் கிறிஸ்டல் பேலசுக்கு எதிரான ஆட்டம். ரிச்சர்ட் ஷாவை உதைத்ததற்காகச் சிவப்பு அட்டை பெற்று வெளியே நடந்த கன்டோனா, தன்னை வசைபாடிய ரசிகர் ஒருவர்மீது தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். அந்தப் படத்தைப் பார்க்காத காற்பந்து ரசிகர் இருக்க முடியாது.

குழு அவருக்கு 20,000 பவுண்ட் அபராதம் விதித்து, பருவம் முடியும்வரை விலக்கி வைத்தது. இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அதைச் செப்டம்பர் 30 வரை நீட்டி, மேலும் 10,000 பவுண்ட் அபராதம் போட்டது. நீதிமன்றம் இரண்டு வாரச் சிறை என்றது. மேல்முறையீட்டில் அது 120 மணிநேர சமூகச் சேவையாகக் குறைந்தது. சிறுவர்களுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுத்து அதை நிறைவேற்றினார். பிரெஞ்சுத் தேசியக் குழுவின் தலைவர் பதவி பறிபோனது. அதன்பின் அவர் பிரான்சுக்காக ஆடவே இல்லை.

யுனைடெட்டுக்கு நேர்ந்தது: பிளாக்பர்ன் 89 புள்ளிகளுடன் லீக் பட்டத்தை வென்றது, யுனைடெட்டுக்கு 88. எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் எவர்ட்டனிடம் 1-0 தோல்வி. கன்டோனா இருந்திருந்தால் அந்த ஒரு புள்ளி கிடைத்திருக்குமா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் யுனைடெட் ரசிகர்களில் அதை நம்பாதவர்கள் குறைவு. மலிவாக வாங்கியபோது தள்ளுபடியாகக் கிடைத்த தொகை, இப்படித்தான் வட்டியோடு திரும்பிக் கேட்கப்பட்டது.

இந்த இடத்தில் விற்றுவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்டர் மிலான் வாங்கத் தயாராக இருந்தது. யுனைடெட் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. ஆகஸ்ட்டில், தடைக்காலத்தில் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியதைக் காற்பந்துச் சங்கம் விசாரிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, கன்டோனா வெறுத்துப்போய்ப் பாரிசுக்குப் போய்விட்டார். ஃபெர்குசன் நேரில் போய், ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசி, மனத்தை மாற்றித் திரும்ப அழைத்து வந்தார். வாங்குவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது. வைத்துக்கொள்வதற்கு நிர்வாகியே விமானம் ஏற வேண்டியிருந்தது.

1995 அக்டோபர் 1ஆம் தேதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பினார். இரண்டாவது நிமிடத்தில் நிக்கி பட் கோல் போட வழிவகுத்தார், பிறகு பெனால்டியில் தாமே ஒரு கோல். ஆட்டம் 2-2. அந்தப் பருவம் ஒரு கட்டத்தில் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்த நியூகாசலை, மார்ச்சில் அதன் சொந்தத் திடலிலேயே கன்டோனாவின் ஒற்றைக் கோல் வீழ்த்தியது. பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் என்ற இளையர் கூட்டத்தோடு யுனைடெட் மீண்டும் லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. கிண்ண இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதே.

பலோட்டெல்லி ஏன் கன்டோனா ஆகவில்லை

2014 ஆகஸ்ட்டில் லிவர்பூல் 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு பலோட்டெல்லியை வாங்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் அவர் வரப்போவதில்லை என்று நிர்வாகி பிரெண்டன் ரோஜர்ஸ் திட்டவட்டமாகக் கூறியிருந்தார். லூயிஸ் சுவாரெஸ் பார்சலோனாவுக்குப் போன பள்ளத்தை நிரப்ப வேறு ஆள் அகப்படவில்லை. ரோஜர்ஸின் ஆட்டமுறையோ முன்வரிசை ஆட்டக்காரர் ஓயாமல் ஓடி எதிரணியை நெருக்க வேண்டும் என்பது. பலோட்டெல்லியின் ஆட்டம் அதற்கு நேர்மாறு. 16 லீக் ஆட்டங்களில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். அங்கே அவர் பெரிய ரகளை எதுவும் செய்யவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தொல்லைக்குப் பயந்தார்கள், கடைசியில் பொருத்தமே இல்லை.

கன்டோனாவை யுனைடெட் கடைசிவரை விற்கவில்லை. 1997 மே மாதம், குழுத்தலைவராக இன்னொரு லீக் பட்டத்தை வென்ற கையோடு, 30 வயதில் ஓய்வை அறிவித்தார். யுனைடெட்டுக்காக 185 ஆட்டங்கள், 82 கோல், ஐந்து பருவங்களில் நான்கு லீக் பட்டங்கள். அவர் காலரைத் தூக்கிவிட்டு அணிந்த 7ஆம் எண் சட்டை அடுத்த பருவம் டேவிட் பெக்கமுக்குப் போனது.