உப்பும் ஓமோனும்: வலப்பனையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கழுத்து வீங்கியிருந்தால் தைரொயிட்டுச் சுரப்பி கெட்டுவிட்டது என்கிறோம். அயடீன் குறைவால் வரும் கண்டமாலையைப் பொறுத்தவரை இது தவறான வாசிப்பு. சுரப்பி தன் கடமையைச் செய்ததன் தடயமே அவ்வீக்கம். ஓமோன் ஒழுங்காக்கம் தோலோடு முடிந்துவிடுவதில்லை. மண், சந்தை, சமையலறை ஆகியனவும் அதன் உறுப்புகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தைரொயிட்டு சுரக்கும் ஓமோனான தைரொட்சினின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உண்டு. குருதியில் தைரொட்சின் குறைந்தால் பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும். கபச்சுரப்பி, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். அளவு நிறைந்ததும் தூண்டல் தணியும். இதுவே எதிர்ப்பின்னூட்டல். அயடீன் போதாதபோது தூண்டல் ஓய்வதில்லை; கிடைக்கும் சொற்பத்தையும் பிடித்துக்கொள்ளச் சுரப்பி பருக்கிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. முதல் மூன்று மாதங்களில் கருவின் மூளை தாயின் தைரொட்சினையே நம்பியிருக்கிறது.

மழை மண்ணின் அயடீனை அரித்துச் செல்வதே இலங்கையின் ஈரவலயத்துக் கண்டமாலைக்குக் காரணம் என்பது பழைய விளக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சி. பி. திசாநாயக்க முதலியோர் இதை மறுபரிசீலனை செய்தனர்: அயடீன் மண்ணில் இருந்தாலும், சேதனப் பொருளும் களியும் அதைப் பிணைத்துவைத்தால் பயிருக்கு எட்டாது. மலையகத்து வலப்பனையின் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் வேறு. அங்கே ராகலைப் பக்கத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, அரிசியும் மாவும் பருப்பும் கடையிலிருந்தே வருகின்றன. காலடி மண்ணைவிடக் கடை உப்பே அங்கு சுரப்பிக்குப் படியளக்கிறது.

1986–87இல் பெர்னாண்டோ குழுவினர் நாட்டின் பாடசாலைப் பிள்ளைகளிடையே 18.8% கண்டமாலையைக் கண்டனர். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. ஆயினும் 2000–01 கணக்கெடுப்பில் கண்டமாலை 20.9%. சட்டம் தோற்றது என்று வாதிடலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் சிறுநீர் அயடீனின் இடைநிலை அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 145 மைக்ரோகிராம், அது போதுமானது. முரண் தோற்றத்தில்தான்: ஓமோன் அளவு வாரங்களில் சீராகும், பருத்த திசு சுருங்க ஆண்டுகள் வேண்டும். 2010இல் வீதம் 4.4% ஆனது. மறுபுறம், பிரேமவர்தன குழுவினர் 2000இல் பாடசாலை மாணவியரிடம் தைரொயிட்டு எதிர்ப்புடல்கள் மிகுந்திருப்பதைக் காட்டி, அயடீன்தான் காரணமோ என்ற வினாவை எழுப்பினர். 2005இல் உப்பின் அயடீன் அளவு 15–30 பிபிஎம் எனக் குறைத்து வரையறுக்கப்பட்டது. அளந்து, மிகுந்தால் தணிக்கும் கபச்சுரப்பியின் வேலையை இங்கே அரசு செய்தது.

ஆனால் கபச்சுரப்பி அளப்பது சுரப்பியின் வாசலில் அல்ல, குருதியில். உப்புச் சட்டமோ பெரும்பாலும் ஆலையிலும் கடையிலும் அளக்கிறது. கல்லுப்பைக் கழுவினாலும், மூடாத சட்டியில் அடுப்பருகே வைத்தாலும் அயடீன் குறைந்துவிடும். எனவே தேசிய இடைநிலை லயத்துக் கர்ப்பிணிகளின் நிலையைச் சொல்லாது. தோட்ட மருத்துவிச்சியின் கைக்கு வரும் சிறுநீர் மாதிரிகளில் அயடீனையும் சேர்த்துப் பார்த்தால்தான் இப்பின்னூட்டல் வளையம் மூடும்.