ஊசிக்கு நினைவு வந்த வரலாறு



"காலையில ஊசி போட்டேனா?" ஜார்ஜ்டவுனில் என் தாயார் அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி இது. மறதியால் இருமுறை இன்சுலின் ஏற்றிக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

1922இல் கனடாவின் டொரொன்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1985இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் ஊசிப்பேனாவைத் தந்தது. 2007இல் லில்லி நிறுவனத்தின் 'ஹியூமாபென் மெமோயர்', இறுதியாகப் பல முறை செலுத்திய அளவையும் நேரத்தையும் தன்னுள் பதிந்து வைத்தது. 2017இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'இன்பென்', அப்பதிவைப் புளூடூத் வழியே கைப்பேசிக்கே அனுப்பியது.

அத்தகைய பேனா எங்கள் இல்லத்தில் இல்லை. ஊசி போட்டவுடன் நாட்காட்டியில் நேரத்தையும் அளவையும் நானே குறிக்கிறேன். இன்சுலின் போடும் பிள்ளை உங்கள் வகுப்பில் இருப்பின், நீங்களும் குறித்து வையுங்கள்.