செய்மதிகளும் மூப்படைகின்றன

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளியை எமது மூத்த தலைமுறையினர் இன்னமும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் வீசிய 'டித்வா' புயல் அந்த அச்சத்தை நாடு முழுவதற்கும் மீண்டும் உணர்த்திச் சென்றது. வாழைச்சேனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் கல்லாற்றிலிருந்தும் கடலுக்குச் செல்லும் தமிழ், முஸ்லிம் தொழிலாளரின் உயிர், வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவதை முற்கூட்டியே கண்டறிவதில் தங்கியுள்ளது. அதைக் காணும் கண்கள் வானிலைச் செய்மதிகளே. இப்பிராந்தியத்தின் சூறாவளி அறிவுறுத்தல்களைப் புதுடில்லி நிலையமே இலங்கைக்கும் வழங்கி வருகின்றது. எனவே இந்தியச் செய்மதிகளின் மூப்பு எமக்கும் உரிய விடயமாகும்.

பூமிக்கு அண்மையிலான தாழ் சுற்றுப்பாதையில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியை விண்வெளி வீரர்கள் 1993 முதல் 2009 வரை ஐந்து தடவைகள் சென்று பழுதுபார்த்தனர். புவிநிலை வானிலைச் செய்மதிகளோ சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளன. அங்கு சென்று திருத்துவார் எவருமில்லை. எரிபொருள் தீர்ந்தால் அல்லது கருவி பழுதடைந்தால் புதியதை ஏவுவதே வழமையான வழி.

இதில் இந்தியாவின் அனுபவம் இருவகைப்பட்டது. 2013 இல் இன்சாட்-3டி, 2016 இல் இன்சாட்-3டிஆர், 2024 பெப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் என வானிலைச் செய்மதிகள் அடுத்தடுத்து ஏவப்பட்டன. மூன்றிலும் ஒரே வகையான படமெடுப்புக் கருவிகளே பொருத்தப்பட்டன. பரீட்சிக்கப்பட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது செலவும் ஆபத்தும் குறைகின்றன.

இடமறியும் 'நாவிக்' செய்மதித் தொகுதியின் கதை வேறு. 2013 இல் ஏவப்பட்ட முதற் செய்மதியின் மூன்று அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017 ஓகஸ்ட்டில் அனுப்பிய செய்மதி, வெப்பக் கவசம் கழராமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரலிலேயே மாற்றுச் செய்மதி நிலைகொண்டது. 2023 இல் உள்நாட்டு அணுக் கடிகாரத்துடன் என்விஎஸ்-01 வெற்றி கண்டது. ஆயினும் 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02, வால்வு ஒன்று திறவாமையால் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை.

பழையது பழுதடைந்த பின்னர் புதியதைத் தேடினால், அந்தப் புதியதும் தவறிப்போகக் கூடும் என்பதே இதன் பாடம். ஜப்பான் ஹிமவாரி-9 ஐ 2016 இலேயே ஏவிக் காத்திருப்பில் வைத்து, 2022 டிசம்பரில் ஹிமவாரி-8 இன் பணியை அதனிடம் ஒப்படைத்தது. மேலதிகச் செய்மதி வீண்செலவன்று; அது காப்புறுதியாகும்.

இந்தச் செய்மதிகளை எப்போது மாற்றுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எமது நாட்டிடம் இல்லை. ஆதலால் ஒரே மூலத்தில் தங்கியிராது பல நாட்டுச் செய்மதிகளின் தரவுகளைப் பெறுவதும், அவற்றைப் பெறும் எமது உபகரணங்களைப் பழுதடையும் முன்னரே மாற்றுவதும் அரசின் கடமையாகும். எச்சரிக்கை தமிழ் மொழியில், உரிய வேளையில், வாவிக்கரையின் கடைசிக் குடிசை வரை சென்றடைய வேண்டும். புயல் இனம் பார்த்து வருவதில்லை என்பதை உரியவர்கள் மனங்கொள்வார்கள் என எதிர்பார்க்கின்றோம்.