வழங்கிகளுக்கு ஒட்டுப்போடுதல்: 2021 டிசெம்பரில் கியூபெக் கற்றுத்தந்த பாடம்

இணையத்தளம் நடத்தும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "நல்லாத்தானே ஓடிக்கொண்டிருக்குது, பிறகேன் அதைத் தோண்டுறாய்?" அதற்கான பதிலே இக்கட்டுரை.

இணையப் பக்கங்களை வாசகருக்கு எடுத்துத் தரும் மென்பொருளை 'வழங்கி' என்கிறோம். அதில் பாதுகாப்பு ஓட்டையொன்று கண்டறியப்பட்டால், அதனை அடைப்பதற்கு வெளியிடப்படும் சிறு திருத்தமே 'ஒட்டு'. இது வெறும் உவமையல்ல. துளையிட்ட கடதாசி நாடாக்களில் நிரல்கள் இருந்த காலத்தில், பிழையான துளையின்மேல் உண்மையாகவே கடதாசித் துண்டை ஒட்டினார்கள். 1995 இல் அப்பாச்சி வழங்கி பிறந்ததும் ஒட்டுக்களிலிருந்துதான். இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ரொப் மக்கூல் எழுதிய வழங்கிக்கு ஆளாளுக்குப் போட்டுவைத்திருந்த ஒட்டுக்களைச் சில நிர்வாகிகள் ஒன்றுசேர்த்து அதனை உருவாக்கினார்கள்.

ஒட்டு வெளியாவது ஒன்று, அதனைப் போடுவது வேறொன்று. 2001 யூன் 18 அன்று மைக்ரோசொப்ற் தனது வழங்கிக்கான ஒட்டொன்றை வெளியிட்டது. யூலை 19 அன்று 'கோட் ரெட்' என்னும் புழு அதே ஓட்டையினூடாகப் புகுந்து, 14 மணி நேரத்துக்குள் 359,000 க்கும் மேற்பட்ட கணினிகளைத் தொற்றிக்கொண்டது. மருந்து ஒரு மாதமாகக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

ஆனால் கிழிசல் எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால் என்ன செய்வது? 2021 டிசெம்பரில் எமது மாகாணத்துக்கு ஏற்பட்ட சங்கடம் அதுதான்.

'லொக்4ஜே' என்பது ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றுள் அமர்ந்திருக்கும் ஒரு குறிப்பெழுதும் துணைநிரல். யார் வந்தார், என்ன கேட்டார் என்று பதிவேட்டில் எழுதுவதே அதன் வேலை. 2013 இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதியால், எழுதச் சொன்ன வரிக்குள் ஒரு கட்டளை ஒளிந்திருந்தால் அதனையும் நிறைவேற்றும் குணம் அதற்கு வந்துவிட்டது. அதாவது, வாசலில் இருக்கும் எழுதுவினைஞர், வந்தவர் சொன்ன முகவரிக்குப் போய், அங்கு தரப்பட்டதை வாங்கிவந்து வீட்டுக்குள் வைப்பதைப் போன்றது. எட்டாண்டுகள் இது வெளியில் தெரியவில்லை. 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்த சென் ஸாவோஜுன் இதனை அப்பாச்சி அமைப்புக்கு அறிவித்தார். டிசெம்பர் 9 அன்று விடயம் பகிரங்கமானது. பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்த சில தொண்டர்களே ஒட்டுக்களைத் தயாரித்தார்கள். முதல் ஒட்டு போதாமற்போக, மாதம் முடிவதற்குள் 2.17.1 வரை புதிய பதிப்புகள் வந்தன.

டிசெம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கியூபெக் அரசு தனது 3,992 தளங்களையும் சேவைகளையும் முன்னெச்சரிக்கையாக மூடியதாக அமைச்சர் எரிக் கேர் அறிவித்தார். எவற்றில் லொக்4ஜே இருக்கிறதென்ற பட்டியல் கையில் இருக்கவில்லை. அரச கட்டடங்களில் எத்தனை அறைகளில் 60 வாற் மின்குமிழ் எரிகிறதென்று தேடுவதோடு அவர் அதனை ஒப்பிட்டார். ஒவ்வொன்றாகச் சோதித்தே மீண்டும் திறந்தார்கள்.

அச்செய்தியை மொன்றியலில், பார்க் எக்ஸ்ரென்சனிலுள்ள எனது வீட்டிலிருந்து வாசித்தபோது எனக்குச் சிறிது இளக்காரமாகவே இருந்தது. நான் பராமரித்துவந்த தமிழ் நூற்சேகரத் தளம் பிஎச்பியில் எழுதப்பட்டது, ஜாவா எமக்கில்லை என்ற நினைப்பு. இரவு படுக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது: தமிழில் தேடுவதற்காக, முன்பு எம்மோடிருந்த தம்பியொருவர் 'சோலர்' என்னும் தேடுபொறியை நிறுவியிருந்தார். அது ஜாவாவில் எழுதப்பட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். எமது பதிப்பும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. வழங்கியின் பதிவேட்டில், யாரோ கதவைத் தட்டிப் பார்த்த வரிகள் இரண்டு நாட்களாகவே இருந்தன. தேடுபொறி வெளியார் அணுகமுடியாதபடி உள்ளே இருந்தாலும், வாசகர் தேடும் சொல் அதற்குள்தான் போகிறது. பலர் வருடக்கணக்காக வருடியெடுத்த பழைய சஞ்சிகைகளின் பக்கங்கள் அங்கே இருந்தன. சிலவற்றுக்கு அச்சுப் பிரதியே இப்போது இல்லை. தளத்தை அன்றிரவே நிறுத்தினேன். நல்லவேளை, எதுவும் பறிபோயிருக்கவில்லை. ஒட்டுப்போட எனக்குத் தேவைப்பட்டது அரை மணி நேரந்தான். ஓட்டை எம்மிடமும் உண்டென்று உணரத்தான் மூன்று நாள் ஆனது.

அதன்பின் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வழங்கியில் என்னென்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் நிறுவினார், எதற்காக என்று எழுதிவருகிறேன். பாவிக்காததை அகற்றிவிடுகிறேன். ஒட்டு வந்தால் முதலில் ஒரு நகலில் போட்டுப் பார்க்கிறேன். முழுப் பிரதியொன்று வேறோர் இடத்திலும் இருக்கிறது. சிறு தமிழ்த் தளம் வைத்திருக்கும் நண்பர்களும் இந்தப் பட்டியலை இன்றே தொடங்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும். நீங்கள் விலகிப்போனாலும் அடுத்து வருபவரிடம் அந்தக் கொப்பி இருக்கும்.