துரையப்பா விளையாட்டரங்கு: ஒரு நிலத்தின் கதை

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையிலுள்ள துரையப்பா விளையாட்டரங்கை அறியாத பழைய மாணவி நம்முள் அரிது. 1975 யூலை 27 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரை அது தாங்குகிறது. பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் உதைபந்தாட்டமும் கண்ட நிலம் அது. 1990இல் கோட்டையைப் போர் சூழ்ந்தபோது அந்த அயல் முழுவதும் சனநடமாட்டமின்றிப் போயிற்று. 1999இல் அரங்கைப் புனரமைக்கத் தோண்டியவர்கள் மண்ணுக்கடியில் மனித எலும்புகளைக் கண்டனர். பின்னர் இந்திய உதவியுடன் திருத்தப்பட்டு 2016 யூன் 18 அன்று மீளத் திறக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான மாணவர் அங்கே யோகாசனம் செய்தனர்.

விளையாட்டிடம், போர்முனை, புதைகுழி, மீண்டும் விளையாட்டிடம். ஒரே தலைமுறைக்குள் இத்தனையும் நடந்து முடிந்தன.

பதினைந்து வயதோடு ஓட்டத்தை நிறுத்திய பெண்களை, நாற்பதில் நீரிழிவோடும் மூட்டுவலியோடும் என் சிகிச்சை அறையில் காண்கிறேன். ஆகவே நம் பிள்ளைகள் அங்கே நிறைய ஓடட்டும். அதே மண்ணில் பெயரின்றிக் கிடந்தவர்களைப் பற்றியும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது, அக்காலத்தில் வாழ்ந்த நமது கடமை.