ரோசி அணிந்த வேடம்

மலையடிவாரத்திலிருந்து புல்லுக்கட்டைச் சுமந்து வத்திராயிருப்புக்கு இறங்கிவரும் பெண்களைக் காணும்போது, புல்லறுத்துப் பிழைத்த வேறொரு பெண்ணின் நினைவு எனக்கு எழுவதுண்டு. அவர் திருவனந்தபுரத்துப் பி. கே. ரோசி.

புலையர் குலத்தில் பிறந்து, காக்காரிசி என்னும் நாட்டுப்புற நாடகத்தில் நடித்துவந்த ரோசியை, தமிழ்க் கிறிஸ்தவரான ஜே. சி. டேனியல் தம் ஊமைப்படத்திற்கு அழைத்தார். 1920களின் இறுதியில், சொத்தை விற்று அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் படம். குடும்பப் பெண்கள் திரையில் தோன்ற அஞ்சிய காலம் அது. ரோசிக்குக் கிடைத்ததோ சரோஜினி என்ற நாயர் குலப் பெண்ணின் வேடம்! படப்பிடிப்பில் வேடத்தோடு நின்றவர், உணவு வேளையில் தம் பாத்திரத்தோடு தனியே ஒதுங்கி அமர்வாராம்.

அமெரிக்காவில் 1927-இல் வெளியான ‘இட்’ என்ற ஊமைப்படத்திலும் கடையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி முதலாளியின் மனத்தை வெல்கிறாள். அவ்வேடமேற்ற கிளாரா போவும் வறுமையில் வளர்ந்தவரே. அவரை அந்நாட்டு மக்கள் கொண்டாடினர்.

இங்கு நடந்தது வேறு. கேப்பிட்டல் தியேட்டரின் முதற்காட்சியில் ரோசியுடன் அமர ஊர்ப் பெரியோர் இசையவில்லை. திரையில் நாயகன் அவர் கூந்தற்பூவை முத்தமிட்டபோது கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. பின்னர் அவருடைய குடிசைக்கும் தீ வைத்தனர். திருவனந்தபுரத்தாரை நோக்கி நாம் விரல் நீட்டுவதற்கில்லை. நமது வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

லாரியொன்றில் ஏறித் தப்பிய ரோசி நாகர்கோவிலை அடைந்தார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். மீண்டும் நடிக்கவேயில்லை, நடித்ததைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை என்பர். சில நாள் கூலிக்கு அணிந்த மேற்குல வேடத்தை, உயிர் பிழைப்பதற்காக ஆயுள் முழுதும் களையாமலே அணிய நேர்ந்தது. உயர்ந்தோர் வாசல் அவருக்குத் திறந்ததென்றால், பெயரை வெளியே விட்டுவிட்டு வந்தபின்தான் திறந்தது.

டேனியலும் பொருளிழந்து, பல் மருத்துவராய்ப் பிழைத்து, 1975-இல் மறைந்தார். 1992-இல் கேரள அரசு அவர் பெயரில் விருது நிறுவியது. 2013-இல் வந்த ‘செல்லுலாய்ட்’ திரைப்படம் இருவர் கதையையும் சொல்லியது. ‘விகதகுமாரன்’ படச்சுருள் மட்டும் இன்று எங்கும் இல்லை.