சாம்பலிலிருந்து – 14: உடைக்குள் ஒரு மனிதன்

1954 நவம்பர் 3 அன்று 'காட்ஸில்லா' திரைக்கு வந்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். எழுத உட்காரும் முன் படத்தை மறுபடி பார்த்தேன். காட்ஸில்லா உடைக்குள் இருந்து நடித்த ஹருவோ நகாஜிமா என்னைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவரைச் சொல்லியாக வேண்டும்.

லக்கி டிராகன் மீன்பிடிப் படகின் மேல் பிகினி அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் விழுந்ததும், செப்டம்பரில் அந்தப் படகில் இருந்த குபோயாமா இறந்ததும் நாம் பார்த்ததுதான். இயக்குநர் இஷிரோ ஹோண்டாவும் போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர். அந்த வேதனைக்கு உடம்பு கொடுத்தவர் நகாஜிமா.

அப்போது அவருக்கு வயது 25. 'செவன் சாமுராய்' படத்தில் கொள்ளைக்காரர்களில் ஒருவராக வந்து வெட்டுப்பட்டுச் சாகும் துணை நடிகர். தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயாவுக்கு, 'கிங் காங்' போலப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கத்தான் ஆசை. அதற்கு நாள் போதவில்லை. உடைக்குள் ஆளை இறக்கினார்கள்.

முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. விறைத்துப்போய் நடக்கவே விடவில்லை. அதை இரண்டாக வெட்டி, கால் மட்டும் தெரியும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்த உடையும் லேசானதல்ல. விளக்குச் சூட்டில் சில நிமிடம்தான் தாக்குப்பிடிக்க முடியும். கழற்றினால் வியர்வை கொட்டும். உவேனோ மிருகக்காட்சிசாலைக்குப் போய், யானையும் கரடியும் அடியெடுத்து வைப்பதைப் பார்த்துப் பழகினார் அவர்.

படத்தில் காட்ஸில்லா காலைத் தூக்கும் இடத்தைக் கவனியுங்கள். பாதம் தரையை விட்டு மனமில்லாமல் எழும்புகிறது. உடம்பு ஒருபக்கம் சாய்கிறது. வால் பின்னால் இழுபடுகிறது. கேமராவை வேகமாக ஓட்டியதால் அசைவு மெதுவானது உண்மை. ஆனால் அந்த அயர்ச்சி சுமை தூக்குகிறவனுடையது. கறுப்பு வெள்ளை இருட்டு உடையின் மடிப்புகளை மறைத்தது, பாரத்தை மறைக்கவில்லை. 70 வருடம் கழித்தும் அந்த ராட்சசனைப் பார்த்து மனம் இளகுவது இதனால்தான்.

அதை வில்லன் என்று நான் எழுத மாட்டேன். கடலில் குண்டு வெடித்துப் பார்த்தவர்களே வில்லன்கள். தன் கண்டுபிடிப்பு இன்னொரு ஆயுதமாகிவிடக் கூடாதென்று குறிப்புகளை எரித்து, உயிரையும் விட்ட விஞ்ஞானி செரிசாவாதான் நாயகன்.

நகாஜிமா 1972 வரை 12 படங்களில் அந்தச் சுமையைச் சுமந்தார். அவர் நடந்த நடையைச் சொல்லாமல் திரையரங்குக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. நவம்பர் 3-க்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)